பல்கலைக்கழகக் கணினி ஆய்வகமும் வளாக இணையமும்: முதல் வாரம் முதல் நோ டியூஸ் வரை

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவரின் கைக்கு முதல் வாரத்தில் பல தாள்கள் வந்து சேர்கின்றன. கட்டண ரசீது, விடுதி விதிமுறை, பேருந்துச் சலுகை அட்டைக்கான படிவம், ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி ஆகியவற்றுக்கு நடுவே, பயனர் பெயரும் தற்காலிகக் கடவுச்சொல்லும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். சில இடங்களில் அது சீட்டாக வராமல் குறுஞ்செய்தியாக வரும். பெரும்பாலானோர் முதலில் தொலைப்பது இதைத்தான். ஆய்வகக் கணினி, வைஃபை, பல்கலைக்கழக மின்னஞ்சல், நூலகத்தின் வழியாகக் கிடைக்கும் ஆய்விதழ்கள் என்று எல்லாமே அந்த ஒரு கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பது, மூன்றாம் பருவத்தில் ப்ராஜெக்ட் வேலை தொடங்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அதுவரை நண்பரின் கணக்கிலும் சொந்த மொபைல் டேட்டாவிலும் காலம் தள்ளியிருப்பார்கள்.

கணக்கைக் கைக்குக் கொண்டுவருதல்

வளாகங்களில் பொதுவாக இரண்டு வகை ஆய்வகங்கள் உண்டு. ஒன்று உங்கள் துறைக்குச் சொந்தமானது. மற்றொன்று கணினி மையம் என்ற பெயரில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக இருப்பது. கணக்கைத் திறந்து தருவது, கடவுச்சொல்லை மாற்றித் தருவது, வைஃபையைச் சரிசெய்வது ஆகியவை கணினி மையத்தின் பொறுப்பு. துறை ஆய்வகத்தில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தோடு முயன்றாலும் அவர்களால் அதைச் செய்ய இயலாது. ஆகவே கணக்கு வேலை செய்யவில்லை என்றால், அடையாள அட்டையையோ, அது இன்னும் வரவில்லையெனில் சேர்க்கைக் கட்டண ரசீதையோ எடுத்துக்கொண்டு நேராகக் கணினி மையத்துக்குச் செல்லுங்கள். காலை பதினொரு மணிக்கு முன்பு போவது நல்லது. உணவு இடைவேளைக்குப் பின் வரிசை நீளும்.

தற்காலிகக் கடவுச்சொல் பெரும்பாலும் உங்கள் பிறந்த தேதியாகவோ பதிவு எண்ணாகவோ இருக்கும். அந்த இரண்டும் வகுப்பின் வருகைப் பட்டியலைப் பார்த்த எவருக்கும் தெரியும் என்பதால், கணக்கு கிடைத்த அன்றே அதை மாற்றிவிடுங்கள். மாற்றும்போதே மீட்புக்கான மொபைல் எண்ணைச் சரிபாருங்கள்: சேர்க்கை விண்ணப்பத்தில் பெற்றோரின் எண்ணைக் கொடுத்திருந்தால், ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) ஊரில் இருக்கும் அப்பாவின் தொலைபேசிக்குத்தான் போகும், நீங்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் வயலிலிருந்து வீடு திரும்பும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சிக்கல். தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே கணக்கிலும் பெயர் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். ஒன்றிய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்திலோ, ஐஐடிகளின் இணையவழிப் படிப்பான என்பிடெல்லிலோ பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொண்டு பதிவு செய்து தேர்வெழுதினால், சான்றிதழில் அச்சாகும் பெயரும் பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல், மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகக் கணக்கில் சேர்க்கும்போது அலைச்சல் ஏற்படும். இப்போது ஒரு கடிதத்தில் முடிகிற திருத்தம் அப்போது மூன்று அலுவலகக் கையெழுத்துகளைக் கேட்கும்.

கணக்கை நண்பருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதை அறிவுரையாகச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. எந்தக் கணக்கு, எந்த நேரத்தில், எந்தக் கருவியிலிருந்து இணைந்தது என்பது வளாக வலையமைப்பில் பதிவாகிறது. உங்கள் கணக்கில் நண்பர் செய்த காரியத்துக்கு முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். மறுபுறம், மற்றவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம்.

ஆய்வகத்துக்குள்

செருப்பை வெளியே விட்டு, பதிவேட்டில் பெயர், கணினி எண், நுழைந்த நேரம் எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே செல்வது பெரும்பாலான ஆய்வகங்களின் நடைமுறை. கணினி எண்ணைச் சரியாக எழுதுங்கள்; பின்னர் ஒரு சுட்டி காணாமல் போனாலோ திரை பழுதானாலோ அந்தப் பதிவேடுதான் உங்களுக்குச் சாட்சி. துறை ஆய்வகம் வகுப்பு நேரத்தில் உங்களுக்குக் கிடைக்காது என்பதால், வாரக் கால அட்டவணையைக் கதவில் பார்த்து, காலியாக உள்ள நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேட்லேப், எஸ்பிஎஸ்எஸ் போன்ற உரிமம் தேவைப்படும் மென்பொருள்கள் எல்லாக் கணினிகளிலும் இருப்பதில்லை; எந்த வரிசையில் எவை இருக்கின்றன என்பதை ஆய்வக உதவியாளரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் காலி நாற்காலியைத் தேடி ஓட வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத பல விவரங்கள் அந்த உதவியாளருக்குத் தெரியும்; அவரிடம் மரியாதையாகப் பேசிப் பழகிய மாணவருக்கு ஆய்வகத்தில் பாதி வேலை எளிதாகிவிடும்.

கணினியை இயக்கும்போது விண்டோஸா, லினக்ஸ் வகையான உபுண்டுவா என்று திரை கேட்டால், உங்கள் பாடத்துக்கு எது வேண்டுமோ அதைச் சில நொடிகளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் முதலில் இருப்பது தானாகத் தொடங்கிவிடும். லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான் போன்றவற்றுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் தமிழ்க் குரலிலேயே சிறு சிறு பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி, ஆய்வகத்தில் கண்ணீர் வரவழைக்கும் விஷயத்துக்கு வருவோம். பல ஆய்வகங்களில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளை நிறுவியிருப்பார்கள். கணினியை மறுமுறை தொடங்கியதும், முந்தைய பயனர் செய்த மாற்றங்கள் அனைத்தையும் அது துடைத்துவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வைரஸிலிருந்து காப்பதற்காகச் செய்யும் ஏற்பாடுதான் என்றாலும், டெஸ்க்டாப்பில் சேமித்த உங்கள் செய்முறை ரெக்கார்டும் அதோடு போய்விடும். நான் ஓர் ஆய்வகத்தில் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில், ஒவ்வோர் ஆகஸ்டிலும் குறைந்தது ஒரு மாணவராவது மூன்று மணி நேர உழைப்பை இப்படி இழந்து என் மேசைக்கு வருவார். அவருக்குச் சொல்வதற்கு என்னிடம் ஆறுதலைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. ஆகவே உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது, எந்த டிரைவில் சேமித்தால் நிலைக்கும் என்பதே. சில வளாகங்களில் உங்கள் கணக்கோடு இணைந்த தனிக் கோப்புறை ஒன்று சர்வரில் இருக்கும். எந்தக் கணினியில் நுழைந்தாலும் அது தெரியும். அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையெனில் வேலை முடிந்ததும் கோப்பைப் பல்கலைக்கழக மின்னஞ்சலோடு வரும் மேகச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். மின்சாரம் போனால் யுபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுவதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்துவது மேல்.

பென் டிரைவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆய்வகத்தில் செருகிய பென் டிரைவை விடுதியில் திறந்தால் கோப்புறைகளெல்லாம் குறுக்குவழிப் படங்களாக மாறியிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். கோப்புகள் அழிந்துவிடவில்லை, வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை இயக்கும் குறுக்குவழிகளை வைத்திருக்கிறது. அவற்றை இரண்டு முறை கிளிக் செய்யாதீர்கள். கோப்பு மேலாளரின் பார்வைப் பகுதியில் மறைந்த உருப்படிகளைக் காட்டும்படி செய்தால் உண்மையான கோப்புகள் மங்கலாகத் தெரியும். சில வகை வைரஸ்கள் அவற்றைக் கணினியின் சொந்தக் கோப்புகள்போலவும் குறித்துவிடும் என்பதால், தெரியாவிட்டால் பென் டிரைவை லினக்ஸ் கணினி ஒன்றில் செருகிப் பாருங்கள். அங்கே அந்த மறைப்பு செல்லுபடியாகாது. கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்த பின் பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.

எழுந்து போகும்போது ஜிமெயிலையும் வாட்ஸ்அப் வெப்பையும் விட்டு வெளியேறினீர்களா என்று பாருங்கள். மறந்து வந்துவிட்டால், தொலைபேசியில் வாட்ஸ்அப்பின் இணைத்த சாதனங்கள் பகுதிக்குச் சென்று அங்கிருந்தே துண்டிக்கலாம். மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் வேலை செய்யும் பழக்கம் இருந்தால், அந்தச் சாளரத்தை மூடினாலே போதும்.

தமிழில் தட்டச்சு

தமிழ், வரலாறு, சமூகவியல் துறைகளில் ஆய்வேட்டைத் தமிழில் எழுதுவோர் இந்தப் பகுதியை முதல் பருவத்திலேயே படித்துவிட்டால், கடைசிப் பருவத்தில் பல இரவுகள் மிச்சமாகும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில், உண்மையில் சேமிக்கப்படுபவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத ஆய்வகக் கணினியில் திறந்தால், உங்கள் முன்னுரை புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசும் 2010-இல் யுனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் தரமாக ஏற்றது. ஏற்கெனவே பாமினியில் நூறு பக்கம் அடித்துவிட்டவர்கள் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் மாற்றிய பின் மேற்கோள் குறிகளையும் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும்.

விசைப்பலகையைப் பொறுத்தவரை, 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற தமிழ்99 அமைப்பைக் கற்றுக்கொள்வது நல்ல முதலீடு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளுக்கு மட்டுமே விசைகள் தேவை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கின்றன. புள்ளியைப் பல இடங்களில் நாம் இட வேண்டியதே இல்லை. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ என்று நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும், மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தாலும், முதல் எழுத்தின் மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆங்கில ஒலிப்படி அடித்துப் பழகியவர்களுக்கு இரண்டு வாரம் கை தடுமாறும். அதன்பின் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆய்வகக் கணினியில் மென்பொருள் நிறுவ உங்களுக்கு அனுமதி இராது என்பதால், மொழி அமைப்பில் தமிழ்99 ஏற்கெனவே உள்ளதா என்று பாருங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தினால் விசைப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். இல்லையென்றால் எல்லாக் கணினிகளிலும் சேர்க்கச் சொல்லி உதவியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அந்த வசதி ஒரு வகுப்புக்கே கிடைத்துவிடும்.

அச்செடுக்கச் செல்வதற்கு முன் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில் பக்கம் நகர்வதும் அட்டவணை உடைவதும் அதனால் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

வளாக வைஃபை

வளாக வைஃபை இரண்டு முறைகளில் ஒன்றில் இயங்கும். முதல் முறையில், வைஃபையில் இணைந்தவுடன் ஒரு நுழைவுப் பக்கம் திறந்து பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். இந்தப் பக்கம் திறக்காமல், இணைந்தது என்று மட்டும் காட்டிக்கொண்டு இணையம் வராமல் இருப்பதே மிகப் பொதுவான புகார். காரணம் எளியது: இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை, அவற்றுக்கான கோரிக்கையை நடுவில் நிறுத்தி நுழைவுப் பக்கத்துக்குத் திருப்ப வலையமைப்பால் முடியாது. ஆகவே நெவர்எஸ்எஸ்எல்.காம் போன்ற மறையாக்கம் இல்லாத தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். நுழைவுப் பக்கம் அதன் இடத்தில் வந்துவிடும். அப்படியும் வரவில்லையெனில் விபிஎன் செயலியையும், தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பையும், மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள்.

சில வளாகங்கள் மாணவரின் கருவிகளை மேக் முகவரி கொண்டு பதிவு செய்து, இரண்டு அல்லது மூன்று கருவிகளை மட்டும் அனுமதிக்கும். மேக் முகவரி என்பது ஒவ்வொரு வைஃபை அட்டைக்கும் உரிய அடையாள எண். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து தொலைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி எண்ணைக் காட்டுகின்றன. அந்தரங்கத்துக்கு நல்லதுதான், ஆனால் நீங்கள் பதிந்தது உண்மையான எண்ணாக இருந்தால் வளாகம் உங்களை அந்நியராகவே கருதும். வளாக வைஃபைக்கு மட்டும் இந்த வசதியை நிறுத்திவிட்டால் சிக்கல் தீரும்.

இரண்டாவது முறையில் நுழைவுப் பக்கம் இல்லை. இணையும்போதே தொலைபேசி உங்கள் கணக்கைக் கேட்கும். ஈஏபி (EAP) முறை என்ற இடத்தில் பீப் (PEAP) என்பதையும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பில் எம்எஸ்சாப்-வி2 (MSCHAPv2) என்பதையும் பெரும்பாலான வளாகங்கள் தேர்வு செய்யச் சொல்லும். உங்கள் கணினி மையத்தின் குறிப்பேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இங்கே, வைஃபை உண்மையானதுதானா என்று காட்டும் மின்னணுச் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்ற தேர்வைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை ஏற்காதீர்கள்: அதே பெயரில் போலி வைஃபை ஒன்றைத் தேநீர்க் கடையருகே ஒருவர் வைத்தால், உங்கள் தொலைபேசி கேள்வி கேட்காமல் கடவுச்சொல்லை அதனிடம் கொடுக்க முயலும். புதிய ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் அந்தத் தேர்வே இல்லை. கணினிச் சான்றிதழ்களைப் பயன்படுத்து என்பதைத் தேர்ந்து, கீழே உங்கள் பல்கலைக்கழகத்தின் களப்பெயரை (டொமைன்) எழுத வேண்டும்.

கல்வி நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை ஏற்பாடான எடுரோமில் உங்கள் வளாகம் சேர்ந்திருந்தால் இந்த உழைப்புக்குப் பெரிய பலன் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் இந்த ஏற்பாட்டை இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்பான எர்நெட் இந்தியா நடத்துகிறது. ஒரு கருத்தரங்குக்காக வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும், அங்கே எடுரோம் என்ற வைஃபை இருந்தால் உங்கள் தொலைபேசி தானாக இணையும்; உங்கள் கடவுச்சொல்லை அந்த ஊர் பார்ப்பதில்லை, கேள்வி உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்து இங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. இதில் பயனர் பெயரை முழு மின்னஞ்சல் வடிவில் எழுத வேண்டும். பெயரை மட்டும் எழுதினால் உள்ளூரில் வேலை செய்யும், வெளியூரில் செய்யாது. ஆகவே புறப்படும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். எர்நெட் 1986-இல் தொடங்கிய திட்டம். முதலில் சேர்ந்த எட்டு நிறுவனங்களுள் சென்னை ஐஐடியும் ஒன்று. பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் கல்வி வளாகங்களில் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது என்பது இன்றைய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

விடுதியில்

இரவு எட்டு மணிக்கு மேல் விடுதி வைஃபை மெதுவாவதற்கு எப்போதும் வெளி இணைப்பு காரணமல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. ஒரு தளத்தில் நாற்பது தொலைபேசிகளும் பத்து ஹாட்ஸ்பாட்களும் அந்த மூன்றிலேயே நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். சுவரைத் தாண்டி அது அதிகம் செல்லாது என்பதால், வைஃபை அலையைப் பரப்பும் கருவியான அணுகுபுள்ளி இருக்கும் நடைக்கூடத்தின் பக்கம் உட்கார்ந்தால் வேகம் தெரியும். அறையில் லேன் இணைப்பு இருந்தால் ஒரு கேபிள் வாங்கிக்கொள்வதே உத்தமம்.

வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகுவதை விடுதிகள் தடை செய்வது வீம்புக்காக அல்ல. கேபிளைத் தவறான துளையில் செருகினால், அந்த ரவுட்டர் அந்தத் தளத்தின் கருவிகள் அனைத்துக்கும் தானே வலையமைப்பு முகவரிகளை வழங்கத் தொடங்கிவிடும். எதிர் அறைக்காரருக்கு இணையம் போய்விடும், காரணமும் தெரியாது. நான் இருந்த வளாகத்தில் ஒரு முறை மாதிரித் தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு விடுதியே இப்படி இருளில் கிடந்தது. கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, மூன்றாம் தளத்தில் ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ரவுட்டரைக் கண்டெடுத்தோம்.

ஆய்விதழ்கள்

ஆய்விதழ்கள் திறப்பதும் திறக்காததும் நீங்கள் எந்த இணைப்பில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பதிப்பாளரின் தளம் உங்கள் பெயரைப் பார்ப்பதில்லை. இணையத்தில் வளாகத்தின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பார்த்துக் கதவைத் திறக்கிறது. விடுதியில் மொபைல் டேட்டாவில் அமர்ந்துகொண்டு முப்பது டாலர் கேட்கிறது என்று வருந்துபவர், வளாக வைஃபைக்கு மாறினால் அதே கட்டுரை இலவசமாகத் திறக்கலாம். ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தை ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஏற்றது. 2025 ஜனவரி முதல் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு, முப்பது பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிடும் ஏற்பாடு இது. உங்கள் நிறுவனம் அதில் பதிந்திருக்கிறதா என்பதை நூலகரிடம் கேளுங்கள். விடுமுறையில் ஊரிலிருந்து படிக்க வேண்டுமானால், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்ற நுழைவு வசதி வழியாக நுழையலாம். அதற்கான கணக்கையும் நூலகர்தான் உருவாக்கித் தர வேண்டும் என்பதால், தேர்வு முடிந்து பேருந்து ஏறுவதற்கு முன் கேட்டுப் பெறுங்கள். முனைவர்பட்ட ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா களஞ்சியத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. அது எங்கிருந்தும் யாருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் தலைப்பில் முன்பு யார் என்ன எழுதினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

ஒன்றைக் கவனியுங்கள். ஓர் இதழின் முழுத் தொகுதிகளையும் மென்பொருள் வைத்து ஒரே இரவில் பதிவிறக்காதீர்கள். பதிப்பாளர் அதைக் கண்டால் வளாகத்தின் முகவரியையே தடுத்துவிடலாம். அப்போது உங்களோடு சேர்த்து எல்லா ஆய்வாளர்களுக்கும் கதவு மூடும்.

புகார் எழுதும் முறை

‘நெட் வரல சார்’ என்று எழுதப்படும் புகார் பல நாள் கிடக்கும். எந்தக் கட்டடம், எந்த அறை, எந்தத் தேதி எத்தனை மணி, எந்தக் கருவி, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன, பக்கத்தில் இருப்பவருக்கும் அதே நிலையா, லேன் கேபிளில் வருகிறதா என்ற விவரங்களோடு பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள். பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து அனுப்புங்கள். பக்கத்து அறையிலும் வரவில்லை என்ற ஒரு வரியே, கோளாறு உங்கள் கருவியிலா அணுகுபுள்ளியிலா என்பதைப் பொறியாளருக்குச் சொல்லிவிடுகிறது. கடவுச்சொல்லை மட்டும் எழுதாதீர்கள்; உண்மையான கணினி மையம் அதை ஒருபோதும் கேட்காது, கேட்டு வரும் மின்னஞ்சல் எதுவானாலும் மோசடியே.

படிப்பு முடியும்போது

பட்டம் முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ கணக்கு மூடப்படும். எத்தனை நாள் என்பதைக் கடைசிப் பருவத்தின் தொடக்கத்திலேயே கேட்டறியுங்கள். வேலைவாய்ப்பு விண்ணப்பங்கள், ஸ்வயம், கிட்ஹப் போன்றவற்றில் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். மூடிய பின் ஒருமுறைக் கடவுச்சொல் செல்லும் இடமே இருக்காது. மேகச் சேமிப்பில் உள்ள ப்ராஜெக்ட் கோப்புகளையும் மூலத் தரவுகளையும் வெளி வட்டு ஒன்றில் இறக்கிக்கொள்ளுங்கள். நிலுவை எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் நூலகம், விடுதி ஆகியவற்றோடு கணினி ஆய்வகத்தின் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருக்கும். கடன் வாங்கிய லேன் கேபிளையோ ஆர்டுயினோ பலகையையோ திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே அடித்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே படிவத்தை நீட்டுங்கள்.